கையால் சுழலும் தட்டு

தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது அரிசோனாவில் குடியேறி வெகுகாலம் ஆன பிறகே எனக்குத் தெரியவந்தது. வேலை விசாவில் இருந்த வரைக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் வழியில்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களை, வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் விடுவதில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை காலை என்னைப் பென் ஏவரி சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். ஃபீனிக்ஸ் நகரின் வட எல்லையில், பாலைவனக் குன்றுகளின் அடிவாரத்தில், மாநில வேட்டை மீன்வளத் துறையே நடத்தும் பெரிய பொதுச் சுடுதளம் அது. பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொண்டது.

பெரியவர் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் திருகை முடுக்கினாலும், முடுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவார். பிறகு அந்தக் கோடு நேராக இல்லை என்றால் திருகு தளர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். விமானத்தில் பழகியதை வீட்டுத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் கொண்டுவந்திருந்தார். சுடுதளத்தில் மற்றவர்கள் சுட்டு முடித்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் கிளம்புவார்கள். இவர் முட்டிபோட்டுத் தான் சுட்ட பித்தளைக் கூடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்குவார். முதல் நாள் நானும் கூடவே குனிந்து பொறுக்கினேன். எதற்கு என்று தெரியாமலேதான்.

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப் போலப் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் பிரைமர் செத்துப்போகும், மருந்து எரிந்துபோகும், குண்டு பறந்துபோகும். மிஞ்சுவது கூடு. புதிதாக வாங்கினால் நான்கிலும் பெரும்பாலும் விலை கூடியது அந்தக் கூடுதான். அதைச் சுத்தம் செய்து, உப்பிப்போன உடலைப் பழைய அளவுக்கு இறுக்கி, பழைய பிரைமரைத் தள்ளி, புதியதை வைத்து, மருந்தை அளந்து ஊற்றி, குண்டை இருத்தி, வாயைக் கவ்வச் செய்துவிட்டால் மறுபடியும் தோட்டா. சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அமெரிக்க மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. செய்து விற்பதை ஒரு தொழிலாக நடத்தினால்தான் உரிமம் வேண்டும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய பச்சை நிற ராக் சக்கர் பிரஸ்ஸில். கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் வளர்ந்த ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற இயந்திரம். ஒரு கைப்பிடி, ஒரு டை (கூட்டை இறுக்கும், குண்டை இருத்தும் அச்சு) பொருத்த ஓர் இடம், அவ்வளவுதான். இந்த வகையைச் சிங்கிள் ஸ்டேஜ் என்பார்கள். நூறு கூடுகளையும் முதலில் இறுக்குவோம். டையை மாற்றுவோம். நூறுக்கும் வாயை விரிப்போம். மறுபடி டையை மாற்றுவோம். மருந்து ஊற்றிய கூடுகள் மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிற்கும். குண்டு வைப்பதற்கு முன் அவர் கைவிளக்கை எடுத்துப் பலகையின் மேல் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக எட்டிப் பார்ப்பார். எல்லாக் கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

“இப்ப நீ பாரு” என்பார். நான் பார்ப்பேன். நான் பார்த்து முடித்ததும் அவர் மறுபடியும் ஒருமுறை பார்ப்பார்.

ரைஃபிளுக்கு அந்த நிதானம் போதும். .308-ல் ஒரு காலைக்கு முப்பது நாற்பது தோட்டா சுட்டால் தோள் நிறைந்துவிடும். கைத்துப்பாக்கிப் பயிற்சி அப்படியில்லை. 9 மி.மீ.யில் நன்றாகச் சுட வேண்டுமென்றால் ஒரு வருகைக்கு இருநூறு, முந்நூறு போகும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்தது அரை மணியில் தீர்ந்துவிடும். அதற்குமேல் 2020 வந்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு கடை அலமாரிகளில் தோட்டா இல்லை. அந்த ஜூலையில் ரெமிங்டன் நிறுவனம் இரண்டாம் முறையாகத் திவாலானது. தோட்டாவுக்குப் பின்னாலேயே பிரைமரும் மறைந்தது. ஆயிரம் பிரைமர் முப்பது டாலர் சொச்சத்துக்கு விற்றது போய், நூறு டாலருக்கு மேல் கேட்டார்கள். பெரியவரின் அலமாரியில் அவர் முன்யோசனையாக வாங்கி வைத்திருந்தது இருந்தது. எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். அந்த ஆண்டுதான் புரோகிரசிவ் பிரஸ் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அதன் வேலையைத் தமிழில் சொல்ல எனக்குத் தோன்றுவது பந்தி. கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, இலைகள் அவர்கள் முன்னால் நகர்ந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் உப்பு, ஒருவர் பொரியல், ஒருவர் சோறு, ஒருவர் சாம்பார். பிரஸ்ஸில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதன் விளிம்பில் கூடுகள் நிற்கும். மேலே ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு டை. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அதனதன் வேலை நடக்கும். தட்டு ஓர் இடம் சுழலும். தட்டு நிறைந்த பிறகு, ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா வந்து விழும்.

தேட ஆரம்பித்ததும் தலை சுற்றியது. விஸ்கான்சினின் ஹார்ட்ஃபர்ட் ஊரிலிருந்து வரும் லீ இயந்திரங்கள் விலை குறைந்தவை. நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் செய்யும் ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி ஐந்து நிலைகள் கொண்டது. கைப்பிடி இறங்கும்போது பாதியும் ஏறும்போது பாதியுமாகத் தட்டு தானே சுழலும், அதனால் அசைவு மெதுவாக இருக்கும். டைகளைத் திருகிக் கழற்ற வேண்டியதில்லை, ஒரு சிறு திருப்பில் வெளியே வந்துவிடும். நீல நிற டில்லன் இயந்திரங்களோ எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்கு. மைக் டில்லன் தொடங்கிய அந்த நிறுவனம் ஸ்காட்ஸ்டேலில், என் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. அதிலேயே பல வகை. ஸ்கொயர் டீல் பி கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மட்டும்தான், அதற்கென்றே தனி அளவு டை வேண்டும். ஆர்எல் 550 நான்கு நிலை, தட்டைக் கட்டைவிரலால் நாமே தள்ளிச் சுழற்ற வேண்டும். எக்ஸ்எல் 750 ஐந்து நிலை, தானாகச் சுழலும். அதற்கும் மேலே போனால் ராணுவப் பித்தளையின் பிரைமர் குழியில் இருக்கும் இறுக்கத்தை நீக்குவது வரைக்கும் தானே செய்யும் பெரிய இயந்திரங்கள்.

கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் சாண்ட்லரில் இருக்கிறார். வேகச் சுடுதல் போட்டிகளுக்குப் போகிறவர். ஐந்து நிலை இயந்திரமும், கூடுகளைத் தானாக எடுத்துப் போடும் மின்சார ஊட்டியும் வைத்திருந்தார். பார்க்கக் கூப்பிட்டார். வெற்றுக் கூடுகள் மேலே ஒரு தொட்டியில் கலகலவென்று உருண்டு, குழாய் வழியாக ஒவ்வொன்றாக இறங்கின. அவர் இடக்கையால் குண்டு வைப்பதும் வலக்கையால் இழுப்பதுமாக இருந்தார். பேச்சு நிற்கவில்லை, தோட்டா விழுவதும் நிற்கவில்லை.

“ஏனுங்கண்ணா, நீங்களும் இதையே எடுத்துப்போடுங்க. அந்த நாலு நிலை எல்லாம் நம்ம தாத்தா காலத்துது. தட்டைத் தள்ள மறந்தீங்கன்னா ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து விழுந்துரும். இதுல அந்தத் தொல்லையே இல்லீங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. தட்டைக் கையால் சுழற்றும் இயந்திரத்தின் பெரிய ஆபத்து அதுதான். எங்கோ ஒரு சிக்கல், கைப்பிடியைப் பாதியில் நிறுத்துகிறோம், சரி செய்கிறோம், மறுபடி இழுக்கிறோம். தட்டு நகர்ந்ததா இல்லையா? கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வேண்டிய மருந்து வெறும் சில கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அந்தச் சிறு அளவு இரட்டித்தாலும் சில கூடுகளில் வெளியே வழியாது. .38 ஸ்பெஷல் 1898-ல், கரிமருந்துக் காலத்தில் பிறந்த தோட்டா. கரிமருந்துக்கு இடம் அதிகம் வேண்டுமென்று கூட்டை நீளமாகச் செய்தார்கள். இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சம் போலக் கிடக்கும். இரண்டு அளவு விழுந்தாலும் மேலே குண்டு சுகமாக உட்காரும். அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கம் விதித்த அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மி.மீ.க்கு 35,000. இரட்டை மருந்து அழுத்தத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது, ஏனென்றால் அதை யாரும் சுடக் கூடாது.

ஆனால் அன்று தம்பியின் இயந்திரத்தின் முன்னால் நின்றபோது நான் கவனித்தது வேறு. அவர் ஒரு கூட்டுக்குள்ளும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. தட்டு வெடுக்கென்று தானே நகர்ந்துவிடுகிறது. மருந்து விழும் நிலைக்கு அடுத்த நிலையில் மருந்தின் மட்டத்தைக் காட்டும் ஒரு கருவி வைத்திருந்தார். மட்டம் தவறினால் அது கத்தும். நல்ல ஏற்பாடுதான். என்றாலும் கண் செய்ய வேண்டிய வேலையை அங்கே காது செய்துகொண்டிருந்தது.

பெரியவரிடம் வந்து சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தன்னுடைய 550-க்கு முன்னால் என்னை உட்கார வைத்தார். அதுவரைக்கும் அதைத் துணிபோட்டு மூடியே வைத்திருந்தார். சிங்கிள் ஸ்டேஜ் கைக்குப் பழகும் முன் அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. நாற்காலியின் உயரத்தை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மருந்து விழுந்த கூட்டின் வாய்க்குள் நேராக என் பார்வை விழும்படி வைத்தார். டைகளுக்கு நடுவே சின்ன எல்இடி விளக்கு. அதன் வெளிச்சத்தில் மருந்து தெரிந்தது.

“தட்டைத் தள்ளு. உள்ளே பார். பார்த்த பிறகு குண்டு வை. பார்க்காத கூட்டில் குண்டு வைக்காதே. யாராவது கூப்பிட்டால் தட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுந்திரு. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்காதே.”

அவர் எனக்குச் சொன்ன விதிகள் அவ்வளவுதான். தட்டைத் தள்ளுவது என் விரல் என்பதால், தட்டு நகர்வது நான் பார்த்து முடித்த பிறகுதான். தம்பி குறையாகச் சொன்ன அதே விஷயம் அங்கே காவலாக மாறியது. இரண்டு பேரும் சரியானவர்கள்தான். தானாகச் சுழலும் இயந்திரத்தில் இரட்டை மருந்து விழுவது அரிது, ஆனால் சிக்கலை நீக்கத் தட்டைப் பின்னால் இழுத்தால் அங்கேயும் விழும், மருந்தே விழாமலும் போகும். கையால் சுழற்றுவதில் கவனம் தவறினால் விழும், ஆனால் கவனிக்க நேரம் உண்டு. எந்த ஆபத்தை நீங்கள் தினமும் காவல் காக்க முடியும் என்பதுதான் கேள்வி.

மருந்தே விழாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது. எங்களுக்கு இரண்டு தடம் தள்ளி ஒருவர் கைத்துப்பாக்கியால் வேகமாகச் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சத்தம் மட்டும் சோடா பாட்டில் திறந்த மாதிரி ‘பொக்’கென்று கேட்டது. பெரியவர் அந்த மனிதரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அந்த மனிதர் அடுத்த இழுப்புக்கு விரலை வைத்திருந்தார். நின்றார். துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால், பாதி வழியில் குண்டு சிக்கி நிற்கிறது. மருந்து இல்லாத தோட்டா. பிரைமரின் வேகம் மட்டும் குண்டை அங்கே வரை தள்ளியிருந்தது. அடுத்த தோட்டா வெடித்திருந்தால் குழல் பிளந்திருக்கக்கூடும். அவர் முகம் எப்படி இறங்கிப்போனது என்பது இன்னும் நினைவிருக்கிறது. அது வீட்டில் செய்த தோட்டா. வண்டிக்குப் போகும் வழியில் பெரியவர் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் மேசை விளக்கின் பல்பை மட்டும் மாற்றினார்.

நான் 550-ஐ வாங்கினேன். அரை ஆயிரம் டாலருக்கு மேல் போட்ட பணம். அதற்கு மருந்து பார்க்கும் வசதி ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் நான் ரைஃபிள், கைத்துப்பாக்கி இரண்டும் சுடுகிறவன் என்பது. இதைத்தான் புதிதாக வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன். மணிக்கு எத்தனை தோட்டா என்று கேட்கிறார்கள். ஒரு காலிபரிலிருந்து இன்னொரு காலிபருக்கு மாற எத்தனை நிமிடம், எத்தனை உதிரிப்பாகம், எவ்வளவு செலவு என்று கேட்பதில்லை. 550-ல் டைகள் பதிந்த தலைப்பகுதி மொத்தமாகவே வெளியே வந்துவிடும். 9 மி.மீ.க்கு ஒன்று, .223-க்கு ஒன்று என்று சரிபார்த்து வைத்த தலைகளை அலமாரியில் வைத்திருக்கலாம். தட்டை மாற்றி, பிரைமர் அளவு வேறென்றால் அதற்கான பாகத்தையும் மாற்றினால் முடிந்தது. ஒவ்வொரு காலிபருக்கும் இதற்கெல்லாம் சேர்ந்து ஆகும் பணத்தை இயந்திரத்தின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும். தம்பி சுடுவது ஒரே காலிபர். ஆயிரக்கணக்கில். அவருக்கு அந்த ஐந்து நிலை இயந்திரம் சரியான தேர்வு. அவருடைய பதில் எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ரைஃபிள் தோட்டாவைப் புரோகிரசிவில் செய்வது கைத்துப்பாக்கிக்குச் செய்வதைப் போல அல்ல. கைத்துப்பாக்கிக் கூடு பெரும்பாலும் நேர்க்குழாய். கார்பைடு டைக்கு எண்ணெய்ப் பூச்சுகூட வேண்டாம், சுத்தம் செய்து நேரே தட்டில் வைக்கலாம். ரைஃபிள் கூட்டுக்குக் கழுத்தும் தோளும் உண்டு. பூச்சு இல்லாமல் டைக்குள் செலுத்தினால் உள்ளேயே இறுகிவிடும், பிறகு துளையிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுட்டு இறுக்கும்போதும் பித்தளை முன்பக்கம் நீளும். .223 கூடு 1.760 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, .308 கூடு 2.015. மேலே போனதை வெட்ட வேண்டும், வெட்டிய வாயைச் சீவ வேண்டும், பூசிய பூச்சைக் கழுவ வேண்டும். ஆக ஒரு சுற்றில் முடிகிற வேலை இல்லை. நான் ஒரு தலையில் இறுக்குவது மட்டும் செய்கிறேன். நடுவில் நாட்கணக்கில் கழுவல், வெட்டல். பிறகு இன்னொரு தலையில் பிரைமர், மருந்து, குண்டு. ஏஆர்-15 வகைக்கு .223 செய்யும்போது பிரைமர் துளியும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. அந்த வகைத் துப்பாக்கியின் ஊசி சுதந்திரமாக அசைவது, பூட்டு மூடும்போதே பிரைமரைத் தொட்டுவிடும். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, அளவுக் குழாயில் இறக்கிப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குப் போகும்.

மருந்தும் வேறு. உருண்டை, தட்டை வடிவ மருந்துகள் அளவுப்பெட்டியில் தண்ணீர்போல் இறங்கும். குச்சி வடிவ மருந்து நடுவில் ஒன்றோடொன்று பாலம் கட்டி நிற்கும். ஒரு கூட்டுக்குக் குறைவாகவும் அடுத்ததுக்குக் கூடுதலாகவும் விழும். 600 கெஜத்தில் சுடுவதற்கு நான் செய்யும் .308 தோட்டாக்கள் இன்றுவரை சிங்கிள் ஸ்டேஜில்தான், ஒவ்வொரு அளவும் தராசில் நிறுத்து. 62,000 பவுண்டு அழுத்தம் வரம்பாக உள்ள தோட்டாவில் தராசுக்கு மேல் எனக்கு நம்பிக்கையான பொருள் இல்லை. புரோகிரசிவ் வாங்கியதும் பழைய பிரஸ்ஸை விற்றுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அது வேறு வேலைக்கான கருவி. இடத்தை அடைத்தாலும் இருக்க வேண்டும்.

என் மனைவி மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். இயந்திரம் வந்த அன்று அவள் கேட்டது வேகத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ இல்லை. “ஏங்க, இதுல ஈயம் எவ்வளவு வெளிய வரும்?” என்றாள்.

நல்ல கேள்வி. பிரைமரில் இருக்கும் ஈய உப்பு எரிந்து கூட்டின் உள்ளே படிந்திருக்கும். உலர்ந்த உமி போன்ற பொடியில் கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூள் காற்றில் எழும். அவள் விதித்த நிபந்தனைகள்படி, கூடுகளைச் சோப்புத் தண்ணீரில், எஃகு ஊசிகளோடு உருட்டிக் கழுவுகிறேன். பிரஸ் இருக்கும் அறையில் சாப்பாடு, தண்ணீர், குழந்தைகள் எதற்கும் இடமில்லை. அங்கே போடும் சட்டை தனியாகத் துவைக்கப்படும். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்க்கிறாள். இந்தக் கட்டுப்பாடுகள் எனக்கு ஒருநாளும் சுமையாகத் தோன்றியதில்லை. இதைச் செய்யும் எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்க வேண்டும்.

கார் நிற்கும் கொட்டகையில் பிரஸ் வைப்பதுதான் அமெரிக்காவில் வழக்கம். ஃபீனிக்ஸில் அது முடியாது. ஜூலை மாதத்தில் கொட்டகைக்குள் கையை வைக்க முடியாத சூடு. மருந்தும் பிரைமரும் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். டப்பா மாற்றினால் ஒரு மருந்தை இன்னொன்றாக நினைத்துவிடும் ஆபத்து. மேசைமேல் எந்த நேரத்திலும் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும். வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் தீயணைப்பு விதிகள் உண்டு. பின்னறை ஒன்றைக் காலி செய்து, மேசையைச் சுவரின் மரச் சட்டங்களோடு போல்ட் போட்டு இறுக்கினேன். பெரியவர் வந்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் கோடு இழுத்துவிட்டுப் போனார்.

பித்தளையைத் தரம் பிரிப்பதுதான் இந்த வேலையில் யாரும் சொல்லித்தராத பகுதி. சிங்கிள் ஸ்டேஜில் தவறான கூடு வந்தால் கையிலேயே தெரிந்துவிடும். புரோகிரசிவில் ஒன்று தவறினால் நான்கு நிலையும் நிற்கும். .45 ஏசிபி கூடுகளில் பெரிய பிரைமர் குழி உள்ளவையும் உண்டு, சிறிய குழி உள்ளவையும் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பெரிய பிரைமருக்கு ஏற்றிவைத்த இயந்திரத்தில் சிறிய குழி வந்தால் பிரைமர் நசுங்கும். அந்த எதிர்ப்பை உணர்ந்ததும் கையை எடுக்க வேண்டும், பலத்தைப் போட்டு அழுத்தக் கூடாது. நூறு பிரைமர் ஒரு குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. ஒன்று வெடித்தால் மற்றவையும் சேரும். குழாயைச் சுற்றி எஃகு உறை போட்டிருப்பது அதற்காகத்தான். கண்ணாடி அணியாமல் அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை. 9 மி.மீ. கூட்டுக்கு நடுவில் .380 ஒளிந்திருக்கும். பெரிய கூட்டுக்குள் சிறிய கூடு சொருகிக்கொண்டிருக்கும். மாலை நேரத்தில் பாட்டு எதுவும் போடாமல், கூடுகளை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலையாகிவிட்டது.

காசு மிச்சமாகுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் அதிகம் சுடுவோம், ஆகவே மொத்தச் செலவு குறையாது. என் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்துகொள்ள முடிகிறது. கடைகள் காலியாக இருந்த நாட்களிலும் நாங்கள் சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனோம்.

கோயம்புத்தூர்த் தம்பி போன ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்து 550-ல் உட்கார்ந்து பார்த்தார். முதலில் கை தடுமாறியது. பழக்கத்தில் தட்டு தானே நகரும் என்று காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தள்ளுவதும் பார்ப்பதும் வந்துவிட்டது. “மெதுவாத்தான் இருக்குதுங்கண்ணா. ஆனா ஒவ்வொண்ணும் கண்ணுல படுது” என்றார். தன் இயந்திரத்தை அவர் மாற்றவில்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. அடுத்த வாரமே அதன் நடுவில் ஒரு விளக்கு மாட்டி, மருந்து விழும் நிலைக்கு எதிரே சின்னக் கண்ணாடி ஒன்றும் ஒட்டியிருந்தார்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்குள் வர நினைக்கும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் ஒரு சிங்கிள் ஸ்டேஜ் வாங்கி, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, சில நூறு தோட்டாக்கள் செய்யுங்கள். எந்தக் காலிபரில் ஓராண்டில் எத்தனை சுடுகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள். ரைஃபிளும் கைத்துப்பாக்கியும் கலந்து, காலிபருக்குச் சில நூறு, ஓர் ஆயிரம் என்றால் கையால் சுழலும் நான்கு நிலை போதும். ஒரே கைத்துப்பாக்கிக் காலிபரில் ஆயிரக்கணக்கில் என்றால் தானாகச் சுழலும் ஐந்து நிலையை எடுங்கள், கூடுதலாகக் கிடைக்கும் நிலையை மருந்து பார்க்கும் கருவிக்கே ஒதுக்குங்கள். எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் ஒருவர் வீட்டில் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மருந்து விழுந்த கூட்டின் உட்புறம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.